பிரேக் பிடித்தும் விடாத கார்

மடுவிலிருந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. காரில் நானும் மனைவியும் மட்டும். மாதாவைக் கும்பிட்டு, மெழுகுதிரி கொளுத்தி, வெயில் தாழத்தான் வெளிக்கிட்டோம். உயிலங்குளம் தாண்டியதும் ரோட்டு நேராகக் கிடந்தது. எனக்கு வலது முழங்காலில் நீண்டநாள் நோவு. காலை நீட்டி மடக்கினால் சுகமாக இருக்கும் என்று, இந்தக் காரில் அதுவரை நான் தொடாத ஒன்றைத் தொட்டேன்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடி நீட்டிக்கொண்டிருக்கும். குரூஸ் கொன்ட்ரோல் என்பார்கள். அதை அழுத்தினால் அந்த நேரத்து வேகத்தைக் கார் தானாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். அக்சிலேட்டரில் கால் வைக்கத் தேவையில்லை. பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். பழைய ஜப்பான் கார்தான், ஆனாலும் அதில் அந்த வசதி இருந்தது. அழுத்தினேன். கார் பிடித்துக்கொண்டது. காலை எடுத்து நீட்டினேன். நல்ல சுகம்.

கொஞ்சத் தூரத்தில் மாடுகள் ரோட்டுக்கு ஏறின. பிரேக்கில் கால் வைத்தேன். வேகம் குறைந்தது, ஆனால் எஞ்சின் குறையவில்லை. உறுமிக்கொண்டு முன்னுக்குத் தள்ளியது. நான் நிறுத்துகிறேன், அது இழுக்கிறது. பயத்தில் காலை ஒருதரம் எடுத்துவிட்டேன். உடனே பழைய வேகத்துக்குத் தாவி ஓடியது. திரும்பவும் இரண்டு காலாலும் மிதித்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த மனைவி, என்னைப் பார்க்காமல், எனக்கு முன்னால் இருந்த ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணா, விடுங்கோ. அவர் பிரேக் பிடிக்கிறார். விடுங்கோ அண்ணா."

கியரை நடுவுக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறியது. சாவியைத் திருப்பி அதன் வாயை அடைத்தேன். கார் மாடுகளுக்குக் கிட்டப் போய் நின்றது. மாடுகள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனைவி சிலுவை அடையாளம் போட்டாள்.

அந்தக் கார் என் மச்சானுடையது. மனைவியின் ஒரே தமையன். ஹயர் ஓடினார். வெளிநாட்டுக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவார், வருகிறவர்களை ஏற்றி வருவார். மனைவியை முன்னமே இழந்தவர், பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மேசையில் இருந்தால் பகிடி ஓயாது. "உன்ர புருசன் ஓட்டினால் மன்னாரில இருந்து முருங்கனுக்குப் போகவே ஒன்பது நாள் நவநாளே முடிஞ்சிடும்" என்று என்னைப் பற்றித் தங்கையிடம் சொல்லுவார்.

அவர் செத்தது அதே ரோட்டில்தான். ஆட்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு ஒரு பின்னேரம் தனியே திரும்பி வந்தார். தள்ளாடிக்குக் கிட்ட, பாலத்துக்கு முன், ரோட்டு கொஞ்சம் திரும்புகிற இடத்தில் கார் திரும்பவில்லை. நேரே இறங்கிக் கடலேரிச் சேற்றுக்குள் போய் நின்றது. கவிழவில்லை, நொறுங்கவில்லை. நெற்றியில் சின்னக் காயம் மட்டும். இதயம் நின்றுவிட்டது என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். முதலில் இதயம் நின்றதா, முதலில் கார் ரோட்டை விட்டதா என்று ஆரும் கேட்கவில்லை. பின்னால் லொறியில் வந்தவர்தான் முதலில் இறங்கி ஓடியவர். அவர் ஓடிப் போகும்போதும் முன்சக்கரங்கள் சேற்றுக்குள் சுழன்றுகொண்டிருந்தனவாம். அந்த ஒரு சொல்தான் என் மனைவியின் நெஞ்சில் ஏறி இருந்துகொண்டது.

எங்களுக்குச் சாவு பெரிய பயமில்லை. அவஸ்தை பூசாமல் சாவதுதான் பயம். சாகப்போகிறவருக்குக் குருவானவர், நாங்கள் சுவாமி என்போம், வந்து எண்ணெய் பூசி, ஜெபம் சொல்லி, வழி அனுப்ப வேண்டும். மச்சானுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மனைவி அவருக்காகப் பூசைகள் ஒப்புக்கொடுத்தாள், உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக மன்றாடுகிற கார்த்திகை மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் ஆறவில்லை. காரைக் கழுவித் திருத்தி எங்கள் வீட்டு வளவுக்குக் கொண்டுவந்த பிறகு நானே ஓட்டத் தொடங்கினேன். கடைக்குச் சாமான் எடுக்க, கோயிலுக்குப் போக. அவள் பேசாமல் ஏறுவாள், பேசாமல் இறங்குவாள்.

மடுவிலிருந்து வரும்போது நடந்ததற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. மத்தியானச் சோறு முடிந்ததும் செபமாலையை எடுத்துக்கொண்டு வளவில் நிற்கிற காருக்குள் போய் இருக்கத் தொடங்கினாள். இடது பக்க முன்சீற். கண்ணாடிகளை இறக்கமாட்டாள். வேர்த்துக் கொட்டும். செபமாலை முடிந்த பிறகும் வாய் அசையும். ஒருநாள் கதவைத் திறந்து கேட்டேன்.

"ஆரோட கதைக்கிறாய்?"

"அவரோடதான்."

"என்ன கதை?"

"ஊர்க் கதைதான். தனிய இருக்கிறார் எல்லோ. அவருக்கு இன்னும் ஓட்டம் முடியேல்ல, இஞ்சேருங்கோ. இண்டைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்."

நான் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தேன். உதறிவிட்டாள். அவள் மெலியத் தொடங்கினாள். வவுனியாவில் இருக்கிற மகள் போனில், "அப்பா, அந்தக் காரை வித்துப்போடுங்கோ" என்றாள். நான் அதை மனைவியிடம் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அவரை ஆருக்கு விக்கப் போறீங்கள்?" என்று கேட்டாள்.

பங்குச் சுவாமியைக் கூப்பிட்டேன். வந்து தீர்த்தம் தெளித்து, காரை முன்னும் பின்னும் மந்திரித்தார். போகும்போது என்னைப் படலையடிக்குத் தனியே கூப்பிட்டு, "தீர்த்தம் தெளிச்சாச்சு. இனிக் கராச்சுக்கும் ஒருக்காக் கொண்டு போங்கோ. ரெண்டும் வேணும்" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. நான் அதிகம் படித்தவன் இல்லை. கயிறும் வலையும் விற்கிற சின்னக் கடைக்காரன். ஆனால் கடவுள் தந்த காருக்குக் கடவுள் தந்த கராச்சும் இருக்கிறதுதானே. பழுது எது என்று கண்டுபிடித்துக் கையில் எடுத்துக் காட்டினால், "இஞ்ச பார், இதுதான், அண்ணன் இல்லை" என்று சொன்னால், அவள் அந்தக் காருக்குள்ளிருந்து வெளியே வருவாள். எனக்கு வேண்டியது அதுதான்.

தாராபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் நானாவின் கராச் இருக்கிறது. காரை எடுக்கும்போது மனைவி படலை வரைக்கும் வந்தாள்.

"அவரைத் தனிய விட்டிட்டு வந்திடாதேங்கோ."

"இல்லை. நான் பக்கத்திலயே இருக்கிறன்."

சொன்னபடியே இருந்தேன். கராச்சில் ஒரு கதிரையைப் போட்டு நாள் முழுக்க இருந்தேன். நானா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், மனைவி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் மச்சானை அவருக்கும் தெரியும். அந்தக் காரையும் தெரியும்.

முதலில் அவர் ஓட்டிப் பார்த்தார், நான் பக்கத்தில் இருந்தேன். தலைமன்னார் ரோட்டில் தடியை அழுத்தினார், பிடித்தது. பிரேக்கைத் தொட்டார், விட்டது. திரும்பவும் அழுத்தினார், தொட்டார். ஒவ்வொரு தரமும் நல்ல பிள்ளை மாதிரி விட்டது.

"அண்ணை, இதுக்கு உங்களோட மட்டும்தான் கோவம் போல."

"பகிடி விடாதேங்கோ நானா. நாங்கள் சாகப் பாத்தனாங்கள்."

"சரி, சரி. கழட்டிப் பாப்பம்."

பொனற்றைத் திறந்தார். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வாசலை இழுத்துப் பிடிக்கிற ஒரு கேபிள் இருக்கிறது. உப்புச் சேற்றில் நின்ற காரல்லவா, கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. "இதுதான் ஆள்" என்றார். எனக்குச் சந்தோசம். அந்தத் துருக் கேபிளைக் கொண்டுபோய் மனைவியின் கையில் கொடுக்கலாம் என்று ஒரு பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டேன். புதுசு போட்டு, எண்ணெய் விட்டு, திரும்ப ரோட்டுக்குப் போய்த் தடியை அழுத்தினோம்.

கழுதைகள் இரண்டு ரோட்டு நடுவில் நின்றன. நானா பிரேக்கைத் தொட்டார். கார் விடவில்லை. அதே உறுமல், அதே இழுப்பு. "யா அல்லாஹ்" என்று கத்தி, தடியின் நுனியில் இருந்த பொத்தானை அடித்து நிறுத்தினார். கழுதைகளைச் சுற்றி மண்ணில் இறங்கி நின்றோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணை, இறங்கிப் பின்னால நில்லுங்கோ. நான் பிரேக் பிடிக்கிறன். சிவப்பு லைட் வருதோ எண்டு சொல்லுங்கோ."

நின்றேன். அவர் பிடித்தார். "வரேல்ல" என்றேன். திரும்பப் பிடித்தார். "வரேல்ல." மூன்றாம் தரம் எரிந்தது. பிறகு திரும்பவும் எரியவில்லை.

"அப்ப அதுதான். லைட்டுக்கும் குரூசுக்கும் ஒரே சுவிச் அண்ணை. லைட் வராட்டி, நீங்கள் பிரேக் பிடிக்கிறதே இதுக்குத் தெரியாது. அது தன்ர பாட்டுக்கு ஓடும்."

கராச்சுக்கு மெல்ல வந்தோம். நானா ட்ரைவர் சீற்றில் தலைகீழாகப் படுத்து, தலையைப் பெடலுக்குள் விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தார். அவர் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணை, இதென்ன இது, ஒரு முடிச்சுக் கட்டி இருக்கு?"

அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு. புளியங்கொட்டைகள் கொஞ்சத்தைக் கட்டின மாதிரி. கறுத்து, எண்ணெய் பிடித்துக் கிடந்தது. ஆனால் நீல நூலால் விளிம்பைச் சுற்றித் தைத்த தையல் தெரிந்தது. அந்தத் தையல் ஆருடையது என்று எனக்குத் தெரியும். நான் போடுகிற சேட்டுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

மடு மண். எங்கள் ஆட்கள் மடுக் கோயிலுக்குப் போனால் ஒரு பிடி மண் எடுத்து வந்து வீட்டில் வைப்பார்கள். பாம்பு தீண்டாது என்பது நம்பிக்கை. என் வீட்டு வாசற்படிக்குக் கீழும் இருக்கிறது. மச்சான் ஒருமுறை மறிச்சுக்கட்டிப் பக்கம் ஒரு ஹயருக்குப் போய், காட்டு ஓரத்தில் காரை விட்டுவிட்டு வந்து ஏறியபோது காலடியில் ஒரு புடையன் பாம்பு சுருண்டு கிடந்தது. அதற்குப் பிறகு அவர் ஏறும்போதெல்லாம் காலை உதறித்தான் ஏறுவார். தங்கைக்காரி அதைக் கேட்டுப் பேசாமல் இருப்பாளா? மண்ணை முடிந்து, தைத்து, தன் கையாலேயே கொண்டுபோய் அவர் கால் வைக்கிற இடத்துக்கு மேலே, பிரேக் பெடலில் கட்டியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்தது.

நானா விரலால் காட்டி விளக்கினார். பெடலுக்கு மேலே சுவிச்சின் சின்ன மொட்டு ஒன்று இருக்கிறது. பெடல் சும்மா நிற்கும்போது அந்த மொட்டை அமத்திப் பிடித்திருக்கும். கால் வைத்தால் பெடல் விலகும், மொட்டு வெளியே வரும், லைட் எரியும், குரூஸ் விடும். கட்டின நூல் நாள்பட்டுத் தளர்ந்து, முடிச்சு மேலே ஏறி, சில வேளை மொட்டின் மேல் வந்து குந்திக்கொள்கிறது. பெடல் விலகினாலும் முடிச்சு விலகாது, மொட்டு அமந்தபடியே கிடக்கும்.

"சரி, ஆளைப் பிடிச்சாச்சு" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

நான் கேட்டேன்: "நானா, அண்டைக்கும் இது இப்பிடித்தான் இருந்திருக்குமோ?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. கையைத் துடைத்தார். துடைத்த கையைத் திரும்பத் துடைத்தார்.

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் அண்ணை. மயங்கி இருந்தாரெண்டால் எது எப்பிடி இருந்தும் ஒண்டுதான். மயங்காமல் பிரேக் பிடிச்சிருந்தாரெண்டால்..." அங்கே விட்டுவிட்டார். "பின்னால வந்தவன் பாத்திருப்பான். சிவப்பு லைட் எரிஞ்சிருந்தால் இதில பிழை இல்லை."

காரை எடுக்கும்போது கிட்ட வந்து, "நான் ஒருத்தரிட்டயும் கதைக்க மாட்டன். இது உங்கட வீட்டு விசயம்" என்றார்.

முடிச்சைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மந்திரித்த மண்ணைக் குப்பையில் போட முடியாது. மனைவியிடம் காட்டவும் முடியாது. காலையில் நான் தேடிப் போனது, "இதுதான், அண்ணன் இல்லை" என்று காட்ட ஒரு பொருள். அது கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் காட்டினால், அண்ணன் காருக்குள்ளிருந்து போவார், அவர் இருந்த இடத்தில் அவள் கட்டின முடிச்சு வந்து இருக்கும். இரண்டில் எது கூடப் பாரம் என்று எனக்குத் தெரியவில்லை. நேரே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மன்னார் மீன் சந்தைக்குத் திருப்பினேன்.

லொறிக்காரர் பேசாலை ஆள். கொழும்புக்கு மீன் ஏற்றுகிறவர். ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு மச்சான்ர கார் ரோட்டை விட்டு இறங்கேக்க, பின்னால சிவப்பு லைட் எரிஞ்சதோ?"

அவர் நல்லாக யோசித்தார். எனக்காக யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

"சொல்லத் தெரியேல்ல அண்ணை. வெயில் நேரே முகத்துக்கு. பொழுது சாயிற நேரம். கண் கூசி அவற்ர கார்ப் பக்கம் எல்லாம் சிவப்பாத்தான் தெரிஞ்சது. எரிஞ்சதோ, வெயிலோ, மாதா அறிய எனக்குத் தெரியாது."

"கால் எங்க இருந்தது? பிரேக்கிலயோ?"

"உள்ள சேத்துத் தண்ணி அண்ணை. கால் தெரியேல்ல. நான்தான் கையை விட்டுச் சாவியைத் திருப்பினனான்."

அவ்வளவுதான் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து லொறிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, நான் பொலிசில சொல்லாத ஒண்டு இருக்கு. நான் போகேக்க அவருக்கு உயிர் இருந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கிச்சு. பொலிசில சொன்னால், ஏன் தூக்கிக்கொண்டு ஓடேல்ல எண்டு கேப்பாங்கள் எண்டு சனம் சொல்லிச்சு. தூக்க ஏலாது அண்ணை. சேறு. நான் தனிய. அதுக்குள்ள முடிஞ்சுது."

"பிறகு?"

"தலையைத் தூக்கிப் பிடிச்சுக் காதுக்குள்ள சொன்னனான். சேசு மரி சூசை, சேசு மரி சூசை எண்டு. என்ர அப்பாவுக்குச் சொன்ன மாதிரி. அவர் என்ர விரலை இறுக்கினவர். பிறகுதான் விட்டவர்."

சந்தைச் சத்தத்துக்குள் நான் நின்று அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்தார். ஐஸ் தூக்குகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சாகிறவர் காதில் இயேசு, மரியாள், சூசையப்பர் என்ற அந்த மூன்று பெயரையும் சொல்வது எங்களுக்குள் பெரிய காரியம். சுவாமி வர முடியாத இடத்தில், கடலில், வள்ளத்தில், பக்கத்தில் இருக்கிறவர் செய்யவேண்டியது. மச்சானுக்கு அது கிடைத்திருக்கிறது.

வளவுக்குள் காரை விட்டேன். நான் இறங்க முதலே மனைவி செபமாலையோடு வந்து மற்றக் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். இடது சீற்றில் இருந்து கதவைச் சாத்தினாள். நான் இறங்காமல் அங்கேயே இருந்து, லொறிக்காரர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்:

"விரலை இறுக்கினவராமோ?"

"ஓம்."

"எந்தக் கை?"

"அது நான் கேக்கேல்ல."

"நான் கேக்கிறன்" என்றாள். பிறகு அழுதாள். தமையன் செத்த நாளில் கூட அப்படி அழவில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கதவைத் திறந்து இறங்கினாள். கண்ணாடியை இறக்கி விட்டாள், உள்ளே காற்றுப் போகட்டும் என்று. நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அப்போது அவள் ஜன்னலுக்குள் குனிந்தாள்.

"பழுது என்னவாம்?"

"பிரேக் சுவிச்."

"அப்ப அண்டைக்கும் அதுதானோ?"

சேட்டுப் பை என் நெஞ்சில் சுட்டது. நான் பொய் சொல்லவில்லை.

"தெரியேல்ல. லொறிக்காரரிட்ட லைட் எரிஞ்சதோ எண்டு கேட்டனான். வெயில் முகத்துக்கு அடிச்சதாம். ஒண்டும் விளங்கேல்லயாம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் மறைக்கிறேன் என்று தெரிந்து பார்த்தாளோ, அண்ணனை நினைத்துப் பார்த்தாளோ, இன்றுவரைக்கும் தெரியாது.

"அப்ப ஆரையும் குற்றம் சொல்லேலாது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

மத்தியானங்களில் அவள் இப்போது காருக்குள் போவதில்லை. முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. முடிச்சு என் கடையில், கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் இருக்கிறது. மச்சானின் குழியில் புதைக்கலாம் என்று இரண்டு முறை சவக்காலைக்குப் போனேன். இரண்டு முறையும் அவள் கூட வந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசாலைக்குப் போய் லொறிக்காரரைப் பார்த்துவிட்டு வந்தோம். வலது கை என்று அவர் சொன்னார். அடுத்த நாள் வேறு அலுவலாகப் பாலம் கடந்து முருங்கன் பக்கம் போய்த் திரும்பினோம். தள்ளாடிக்குக் கிட்ட, அந்தத் திருப்பத்துக்கு முன், ரோட்டில் ஒன்றும் இல்லை, மாடும் இல்லை, கழுதையும் இல்லை. நான் தடியை அழுத்திவிட்டுப் பிரேக்கை மெல்லத் தொட்டேன். கார் பணிவாகக் குறைந்தது. மனைவி என் காலைப் பார்த்தாள்.

"ஏன்?"

"சும்மா பாத்தனான்."

அவள் தலையைத் திருப்பிக் கடலேரியைப் பார்த்தாள். பாலம் முடிகிற வரைக்கும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபமாலை வீட்டில் இருந்தது.